நாராயண பிள்ளை தேடிய நிலம்



1886இல் டால்ஸ்டாய் ஒரு சிறுகதை எழுதினார். ஒரு மனிதனுக்கு எவ்வளவு நிலம் தேவை என்பதுதான் அதன் தலைப்பு. பாஹோம் என்று ஒரு விவசாயி. எவ்வளவு நிலம் வாங்கினாலும் அவனுக்குப் பத்தவில்லை. கடைசியில் பஷ்கிர் மக்கள் வாழும் புல்வெளிக்குப் போகிறான். ஆயிரம் ரூபிள் கொடுத்தால் ஒரு பகல் முழுக்க நடக்கலாம். சுற்றி வந்த நிலமெல்லாம் அவனுக்கே. ஆனா சூரியன் மறைவதற்குள் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தூரமாகப் போய்விட்டு, மூச்சிரைக்க ஓடி வந்து, சேர்ந்த இடத்திலேயே விழுந்து சாகிறான். மிஞ்சியது ஆறடிக் குழி. நம்ம வழக்கப்படி எரித்துக் கரைத்துவிட்டால் அந்த ஆறடியும் கிடையாது!

இதைப் படித்தபோது எனக்கு நம்ம ஊர் மனிதர் ஒருவர் ஞாபகம் வந்தார். அவரும் நிலம் தேடி அலைந்தவர்தான். பெயர் நாராயண பிள்ளை.

பினாங்கில் அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்தவர். 1819 மே மாதம் ராஃபிள்ஸ் இரண்டாவது முறை சிங்கப்பூருக்கு வந்தபோது கூடவே வந்தார். புது ஊர், எங்கே பார்த்தாலும் வீடும் கடையும் தேவை. தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை போட்டார். கொத்தனார்களையும் தச்சர்களையும் பினாங்கிலிருந்து வரவழைத்தார். கட்டடப் பொறியியல் படிக்கிற எனக்கு இது தனிப் பெருமை. இந்த ஊரின் முதல் கட்டுமான ஒப்பந்தக்காரர் ஒரு தமிழர்!

பிறகு கிராஸ் ஸ்ட்ரீட்டில் துணிக்கடை வைத்தார். வியாபாரம் நன்றாக நடந்தது. 1822இல் தீப்பிடித்து எல்லாம் சாம்பலானது. மிஞ்சியது கடன்தான். வேறு யாராக இருந்தாலும் பினாங்குக்கே கப்பல் ஏறியிருப்பார்கள். அவர் ராஃபிள்ஸிடம் உதவி கேட்டு, இன்றைய ராஃபிள்ஸ் பிளேஸ் இருக்கும் கமர்ஷியல் ஸ்குவேரில் நிலம் வாங்கி, மறுபடி கடை போட்டு எழுந்து நின்றார். ஆக, நிலமே வேண்டாம் என்று ஒதுங்கிய துறவி இல்லை அவர். பிழைக்கத் தெரிந்த வியாபாரி.

ஆனா இதே வருடங்களில் இன்னொரு நிலத்தையும் அவர் தேடிக்கொண்டிருந்தார். கோயிலுக்கான நிலம். வெள்ளைக்கார அரசாங்கம் முதலில் தெலுக் ஆயர் ஸ்ட்ரீட்டில் இடம் கொடுத்தது. ஆயர் என்றால் மலாயில் தண்ணீர். பக்கத்தில் இருந்ததோ கடல் தண்ணீர். அபிஷேகத்துக்கும் பூசைக்கும் நல்ல தண்ணீர் வேண்டுமே. அந்த இடம் சரிப்படவில்லை. 1821இல் ஸ்டாம்ஃபோர்டு கால்வாய் அருகே இடம் கிடைத்தது. அங்கே தண்ணீர் இருந்தது, ஆனா நகரத் திட்டத்தில் அந்தப் பகுதி வேறு தேவைகளுக்குப் போய்விட்டது. மறுபடியும் தேடல். 1823இல்தான் சவுத் பிரிட்ஜ் சாலை நிலம் அமைந்தது. 1827இல் மரமும் அத்தாப்புக் கூரையுமாகச் சின்னக் கோயில் எழுந்தது. சின்ன அம்மனை அங்கே வைத்தார். அதுதான் இன்றைய ஸ்ரீ மாரியம்மன் கோயில்.

கப்பலில் வந்து இறங்கி, போக இடமில்லாமல் நின்ற நம் ஆட்களுக்கு வேலை கிடைக்கும்வரை படுக்க இடம் கொடுத்தது அந்தக் கோயில்தான். இந்துத் திருமணங்கள் பதிவானதும் அங்கேதான்.

பாஹோமும் பிள்ளையும் இரண்டு பேருமே நிலத்துக்கு ஆசைப்பட்டார்கள். எனக்குத் தெரிகிற வித்தியாசம் ஒன்றுதான். பிள்ளைக்கு அது எதற்கு என்று தெரிந்திருந்தது. தண்ணீர் வேண்டும், அம்மன் இருக்க வேண்டும், பத்துப் பேர் வந்து கூட வேண்டும். அதற்கு ஏற்ற இடம் கிடைத்ததும் தேடல் முடிந்தது. பாஹோம் எதற்கு என்று கேட்கவே இல்லை. அதனால் எங்கே நிற்பது என்றும் அவனுக்குத் தெரியவில்லை.

நம்ம வயசுப் பசங்க பேச்சைக் கேளுங்களேன். பட்டம் வாங்குவதற்கு முன்பே பிடிஓ வீடு, ஐந்து வருடத்தில் அதை விற்றுக் கொண்டோ, அப்புறம் வாடகைக்கு விட இன்னொன்று. வீவக வீடே 99 வருடக் குத்தகைதான். வீடு வாங்குவது தப்பே இல்லை. குடும்பத்துக்குக் கூரை வேண்டும். ஆனா மூன்றாவது வீட்டைப் பற்றிக் கனவு காணும்போதாவது, யாருக்காக என்று ஒரு தடவை நம்மையே கேட்டுக்கொள்ளலாம்.

பிள்ளையின் செங்கல் சூளை இன்று இல்லை. கடை இருந்த சதுக்கத்தைச் சுற்றி வங்கிக் கட்டடங்கள். அவர் ஊருக்காகத் தேடிய நிலத்தில் எழுந்த கோயில் மட்டும் நிற்கிறது. 1973 முதல் அது தேசிய நினைவுச்சின்னம். 2019இல் இருநூறாம் ஆண்டு நினைவாகச் சிங்கப்பூர் ஆற்றோரம் அவருக்கும் சிலை வைத்தார்கள்.

ஐப்பசியில் தீமிதி வரும். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து சவுத் பிரிட்ஜ் சாலைக்குச் சுமார் 4 கிலோமீட்டர் பக்தர்கள் வெறுங்காலில் நடப்பார்கள். அவர்களும் பாஹோம் மாதிரி நடக்கிறவர்கள்தான். ஆனா ஒரு அடி நிலத்தையும் தனக்கென்று வளைப்பதில்லை. இந்த முறை நீங்களும் தொண்டூழியத்துக்கு வாங்க. வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க ஆள் வேண்டும். அந்தக் கோயிலுக்காகப் பிள்ளை முதலில் தேடியதும் தண்ணீரைத்தானே!