காலணியும் குடியுரிமையும்: வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை

நீதி மறுக்கப்பட்டவர் நாடிச் செல்லும் இடம் நீதிமன்றம். அம்மன்றத்தின் உள்ளேயே ஒருவர் தம் பிறப்பின் காரணமாகத் தாழ்த்தப்படுவாராயின், அவர் வேறெங்குச் சென்று முறையிடுவது? சற்றொப்ப நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர்ப் புதுச்சேரி மண்ணில் இவ்வினாவை எழுப்பி, அதற்கு விடையும் பெற்றவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஆவார். அரசியலமைப்புச் சட்டத்தின் உறுப்புகளை எண்களாக மட்டுமே மனப்பாடம் செய்யும் மாணவச் செல்வங்கள், அவ்வெண்களுக்குப் பின்னே மனிதர்களின் மானமும் உழைப்பும் உள்ளன என்பதை உணர, அப்பெரியாரின் வரலாறு பெரிதும் துணைபுரியும். வில்லியனூர், பாகூர் முதலிய சிற்றூர்களில் வாழும் நமக்கு அது நம் வீட்டு வரலாறும் ஆகும்.

அக்காலச் சட்ட நிலை

ஆங்கிலேயரிடமிருந்து புதுச்சேரியை மீண்டும் பெற்ற பிரெஞ்சு அரசு, 1819-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6-ஆம் நாள் ஓர் ஆணை பிறப்பித்தது. இந்துக்கள், முசுலிம்கள், கிறித்தவர்கள் ஆகிய இந்நாட்டு மக்கள் அனைவரும் முன்போலவே தத்தம் சட்டங்களின்படியும் வழக்கங்களின்படியும் நீதி பெறுவர் என்பது அவ்வாணையின் சாரம். திருமணம், மரபுரிமை முதலியவற்றில் முசுலிம்களுக்கு இசுலாமியச் சட்டமும், இந்துக்களுக்கு அவர்தம் சாத்திரமும் வழக்கமும் செல்லுபடியாயின. இத்தகைய வழக்குகளில் நீதிபதிகளுக்கு அறிவுரை கூற 1827-இல் ஓர் ஆலோசனைக் குழுவும் அமைக்கப்பட்டது.

இவ்வேற்பாட்டில் நன்மை இருந்தது, குறையும் இருந்தது. மக்களின் சமயமும் குடும்ப முறையும் காக்கப்பட்டன. ஆயினும், ஒரே கொடியின் கீழ் இருவகை மனிதர் வாழும் நிலையும் நீடித்தது. 1789-ஆம் ஆண்டுப் புரட்சியின்போது, மனிதர் யாவரும் உரிமையில் சமமானவர் என்று உலகிற்கு முழங்கிய நாடு பிரான்சு. அந்நாட்டின் ஆட்சியில் ஐரோப்பியர் ஒரு தரத்தினராகவும் இந்தியர் மற்றொரு தரத்தினராகவும் நடத்தப்பட்டனர். முழக்கத்திற்கும் நடைமுறைக்கும் இடையே இருந்த இவ்விடைவெளியில்தான் பொன்னுத்தம்பிப் பிள்ளை கால் வைத்தார்.

சப்பாத்து வழக்கு

பிரெஞ்சுச் சட்டத்தை முறையாகக் கற்று வழக்கறிஞர் தொழில் புரிந்தவர் அவர். இந்திய வழக்கறிஞர் தம் மரபுக் கோலத்திலேயே மன்றம் ஏறவேண்டும், ஐரோப்பியரைப்போல் காலுறையும் சப்பாத்தும் அணிந்து வரலாகாது என்பது அன்றைய வழக்கம். 1873-ஆம் ஆண்டில் ஒரு நாள், பொன்னுத்தம்பிப் பிள்ளை காலுறையும் சப்பாத்தும் அணிந்தவராய் நீதிமன்றத்திற்குள் நுழைந்தார். அதனைத் தம் மன்றத்திற்கு நேர்ந்த அவமதிப்பாகக் கொண்ட நீதிபதி, அவர்மீது நடவடிக்கை எடுத்தார்.

சிறு செய்திதானே என்று இதனை ஒதுக்கிவிட இயலாது. நம் சிற்றூர்த் தெருக்களில் ஒரு சாரார் தம் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து நடக்க வேண்டியிருந்த காலத்தை நம் பாட்டன்மார் அறிவர். காலில் அணிவதன்று அங்கே பொருள். யார் நிமிர்ந்து நடக்கலாம், யார் குனிந்து நடக்கவேண்டும் என்பதே பொருள். மன்றத்தில் ஐரோப்பிய வழக்கறிஞருக்கு இடையூறாகாத சப்பாத்து, இந்திய வழக்கறிஞரின் காலில் ஏறியவுடன் குற்றமாகிவிட்டது.

மற்றொருவராயின், வருமானத்தையும் எதிர்காலத்தையும் எண்ணிச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு மறுநாள் பணிக்குத் திரும்பியிருப்பார். பொன்னுத்தம்பிப் பிள்ளையோ சினந்து கலகம் செய்யவுமில்லை, அடங்கிப் போகவுமில்லை. அவர் நாடியது சட்டத்தின் வழியையே. பிரெஞ்சு நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமாகிய பாரீசு நகரத்துக் கசாசியோன் மன்றத்தில் முறையீடு செய்தார். பின்னாளில் பிரெஞ்சிந்தியாவின் சார்பில் பிரெஞ்சு மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட சூல் கொதேன் என்னும் வழக்கறிஞர் அங்கே அவருக்காக வாதாடினார். தீர்ப்பு பொன்னுத்தம்பிப் பிள்ளைக்குச் சார்பாக அமைந்தது. கடல் கடந்த ஊரில் வாழ்ந்த ஒரு தனி மனிதரின் காலணிக்காக, ஒரு பேரரசின் தலைமை மன்றம் விடை கூற நேர்ந்தது.

இவ்வழக்கு நமக்கு உணர்த்தும் பாடங்கள் இரண்டு. நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம் என்பதனாலேயே ஒன்று நியாயமாகிவிடாது என்பது முதலாவது. உரிமை ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது, அதனைக் கேட்டுப் பெற ஒரு வாயிலும், அவ்வாயிலைத் தட்டும் துணிவும் வேண்டும் என்பது இரண்டாவது. இன்று நம் அரசியலமைப்பின் 14-ஆம் உறுப்பு, சட்டத்தின் முன் அனைவரும் சமம் என வகுக்கிறது. அடிப்படை உரிமை மீறப்படுமாயின், 32-ஆம் உறுப்பின்படி உச்ச நீதிமன்றத்தையும், 226-ஆம் உறுப்பின்படி உயர் நீதிமன்றத்தையும் ஒருவர் நேரே நாடலாம்.

உரிமைக்கு ஒரு விலை

வெற்றிக்குப் பின் அவர்தம் வாழ்வு பொதுவாழ்வாயிற்று. அக்காலத்தே பிரெஞ்சிந்தியாவில் தேர்தல் முறை வளர்ந்து வந்தது. 1880-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 12-ஆம் நாள் ஆணையினால் கொம்யூன்கள் தோன்றின. புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர் என்னும் நான்கும் புதுவைப் பகுதியில் அமைந்தன. இன்று நம் பிறப்புச் சான்றிதழில் நாம் காணும் கொம்யூன் என்னும் சொல்லின் தோற்றம் அதுவே.

முழுச் சமத்துவம் பெறும் வழி குறித்துப் பொன்னுத்தம்பிப் பிள்ளையும் அவர்தம் தோழர்களும் ஒரு முடிவுக்கு வந்தனர். தனிநிலைச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்போமாயின், பிரெஞ்சுக்காரருக்குள்ள உரிமைகள் அனைத்தையும் நமக்கு மறுக்க இயலாது என்பதே அது. 1881-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணை இதற்கு இடமளித்தது. எச்சாதியினராயினும் எச்சமயத்தினராயினும், அகவை 21 நிரம்பிய ஆணும் பெண்ணும், உரிய அலுவலர் முன் உறுதிமொழி அளித்துத் தம் தனிநிலைச் சட்டத்தைத் துறக்கலாம். துறந்தபின் மீள இயலாது. துறந்தவர் ஒரு குடும்பப் பெயரையும் சூடவேண்டும். இவர்களே ரெனோன்சான்கள் எனப்பட்டனர்.

இயக்கத்தின் தலைவராகிய பொன்னுத்தம்பிப் பிள்ளை லபோர்த் என்னும் பெயரை ஏற்றார். பிரெஞ்சு மொழியில் அதற்கு வாயில் என்பது பொருள். பின்னே வருவோர்க்குத் தாம் வாயிலாக வேண்டும் என்னும் விழைவு அப்பெயரில் ஒலிப்பதை நாம் உணரலாம். கிறித்தவர்களும், சாதியால் ஒடுக்கப்பட்டோரும் பெரும்பான்மையராக அவ்வாயிலில் நுழைந்தனர். ஊரும் சேரியும் தம்மைத் தாழ்வாக நிறுத்திய இடத்திலிருந்து வெளியேற அவர்களுக்கு அது ஒரு வழியாயிற்று.

ஆயின், இந்துக்களிலும் முசுலிம்களிலும் மிகப் பலர் நுழையவில்லை. திருமணமும் மரபுரிமையும் சமய நெறியோடு பிணைந்திருக்க, அவற்றை விலையாகக் கொடுத்து வாக்குரிமையின் மேன்மையைப் பெற அவர்தம் மனம் இசையவில்லை. மரபைக் காக்க விரும்பியோரின் தலைவராக நாடு சண்முக வேலாயுத முதலியார் எழுந்தார். இருதரப்புக்கும் இடையே கடும் அரசியற் போர் மூண்டது.

விலை கொடுத்தவர்களுக்கேனும் பொருள் முழுமையாகக் கிடைத்ததா எனில், அதுவும் இல்லை. 1884-ஆம் ஆண்டு ஆணை வாக்காளர்களை மூன்று பட்டியல்களாகப் பிரித்தது. ஐரோப்பியருக்கு ஒன்று, துறந்தோருக்கு ஒன்று, துறவாதோருக்கு ஒன்று. தம் சட்டத்தைத் துறந்து வந்தவரும் ஐரோப்பியரின் பட்டியலில் இடம்பெறவில்லை. அனைவருக்கும் ஒரே பட்டியல் என்னும் நிலை இரண்டாம் உலகப் போரின் முடிவிலேதான் வந்தது.

சீர்தூக்கல்

லபோர்த் பொன்னுத்தம்பிப் பிள்ளையின் முதற் போரையும் இரண்டாம் போரையும் ஒப்பிட்டு நோக்குதல் தகும். முதற் போரில் அவர் தம்மை மாற்றிக்கொள்ளாமலே சமத்துவம் கேட்டார், வென்றார். இரண்டாவதில், சமத்துவத்திற்காகத் தம்மையே மாற்றிக்கொண்டார், பாதியே வென்றார். இக்குறை அவருடையதன்று. உரிமைக்கு விலை குறித்த ஆட்சியின் குறை அது. ஒடுக்கப்பட்டோர் பலர் அவ்விலையைக் கொடுத்தும் வெளியேற விரும்பினர் என்றால், அவர்களை அந்நிலையில் வைத்திருந்த நம் சமூகத்தின் குறையும் அதில் அடங்கும்.

1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பு இவ்விரு குறைகளுக்கும் விடை கூறியது. 15-ஆம் உறுப்பு பிறப்பு, சமயம், சாதி, பால் வழி வேற்றுமையை அரசுக்கு விலக்கியது. 17-ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. 25-ஆம் உறுப்பு சமய உரிமையைக் காத்தது. தன் நெறியைத் துறந்தால்தான் முழுக் குடிமகன் என்னும் நிபந்தனை அதில் இல்லை.

அவ்வரசியலமைப்பின் நிழலுக்கு நம் பகுதி வந்தது வில்லியனூரை அடுத்த கீழூரின் வழியாகத்தான். 1954 அக்டோபர் 18-ஆம் நாள் அங்கே கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். 1962 ஆகத்து 16-இல் இணைப்பு சட்டப்படி முழுமையுற்றது. இன்றும் இந்துத் திருமணச் சட்டம் முதலியவை புதுச்சேரியில் ரெனோன்சான்களுக்குப் பொருந்தா என்னும் விதி, அப்பெரியாரின் காலடித் தடமாகச் சட்ட ஏட்டில் நிலைத்திருக்கிறது.

எனினும், உரிமை தானே நடந்து வருவதில்லை. 1880-இலேயே கொம்யூன் கண்ட நம் ஊர்களில், 1968-இல் நடைபெற்ற உள்ளாட்சித் தேர்தலுக்குப் பின் அடுத்த தேர்தல் 2006-இலேதான் நடைபெற்றது. முப்பத்தெட்டு ஆண்டுகள்! ஒரு தலைமுறை தன் ஊராட்சிக்கு ஒருமுறைகூட வாக்களிக்காமலே முதுமை எய்தியது. அத்தலைமுறையைச் சேர்ந்த பெரியோர் பலர் நம் இல்லங்களில் உள்ளனர். அவர்களிடம் கேட்டறிக.

வாயில் என்னும் பெயரைத் தாங்கிய அம்மனிதர் மறைந்து நெடுங்காலம் ஆயிற்று. அவர் திறந்த வாயில் குறுகியது. நம் அரசியலமைப்பு திறந்துள்ள வாயில் அகன்றது. அதனுள் நிமிர்ந்து நுழைதலும், பின்னே வருவோர்க்கு அதனைத் திறந்தே வைத்தலும் கற்றோர் கடன்.