அல்லாடி கிருஷ்ணசாமி: அதிகாரமும் எல்லையும்

நுழையும்முன்

மக்கள் தேர்ந்தெடுத்த அரசுக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கலாம்? அவ்வதிகாரம் எல்லை மீறினால் அதனைத் தடுக்க வேண்டியவர் யார்? இவ்வினாக்களுக்கு நம் அரசமைப்பை உருவாக்கிய சான்றோர் அனைவரும் ஒரே விடையைக் கூறவில்லை. நாட்டுநலனில் ஒன்றுபட்ட அவர்கள், அதற்கான வழியில் வேறுபட்டனர். அவர்களுள் ஒருவரான அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் வாழ்க்கை வழியே அக்கருத்து வேறுபாட்டை அறிவோம்.

இளமையும் தொழிலும்

அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் உள்ள புதூர் என்னும் சிற்றூரில் 1883ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் அல்லாடி பிறந்தார். தந்தையார் புரோகிதத் தொழில் செய்தவர். 1899இல் மெட்ரிகுலேசன் தேர்வில் வெற்றிபெற்ற அல்லாடி, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் வரலாறு பயின்றார். பின்னர்ச் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். 1929ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தின் தலைமை வழக்கறிஞராகப் பொறுப்பேற்று, 1944 வரை அப்பதவியில் இருந்தார். 1932இல் ஆங்கில அரசு அவருக்குச் சர் பட்டம் வழங்கியது.

வரைவுக்குழுவில்

நாடு விடுதலை பெற்ற இரு வாரங்களில், 1947 ஆகஸ்ட் 29 அன்று, அரசமைப்பு வரைவுக்குழு அமைக்கப்பட்டது. அண்ணல் அம்பேத்கர் தலைமையேற்ற அவ்வெழுவர் குழுவில் அல்லாடியும் இடம்பெற்றார். பணி நிறைவுற்றபோது அம்பேத்கர், தம்மினும் தகுதிமிக்கவர் குழுவில் இருந்ததாகக் கூறி, அல்லாடியின் பெயரைச் சுட்டிப் பெருமைப்படுத்தினார்.

ஒரு தொடர், இரு பார்வைகள்

ஒருவரின் உயிரையும் உரிமையையும் சட்டத்தின் உரிய நெறிமுறையின்றிப் பறித்தல் கூடாது என்னும் விதியை அரசியலமைப்பு நிர்ணய சபை 1947 ஏப்ரலில் ஏற்றிருந்தது. உரிய நெறிமுறை என்பது அமெரிக்க அரசமைப்பில் உள்ள தொடர். ஒரு சட்டம் முறைப்படி இயற்றப்பட்டதா என்பதை மட்டுமன்றி, அது நியாயமானதா என்பதையும் ஆராய அது நீதிமன்றத்திற்கு இடமளித்தது.

வரைவுக்குழு அத்தொடரை நீக்கியது. சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை என்னும் தொடரை அவ்விடத்தில் அமைத்தது. இம்மாற்றத்தை கே. எம். முன்ஷி எதிர்த்தார். நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை பெற்ற கட்சி, அவசரத்திலோ அச்சத்திலோ குடிமக்களின் உரிமையைப் பறிக்கும் சட்டத்தை இயற்றக்கூடும். அப்போது தனிமனிதனுக்கு நீதிமன்றமே புகலிடம் என்பது அவர் கருத்து.

அல்லாடி மாற்றத்தை ஆதரித்தார். அதற்கு வலுவான காரணம் இருந்தது. ரொட்டித் தொழிலாளர்களின் வேலைநேரத்தை நாளொன்றுக்குப் பத்து மணியாக வரையறுத்த நியூயார்க் மாநிலச் சட்டத்தை 1905இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் செல்லாததாக்கியது. குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் அங்கே தனிமனித உரிமைக்கு மாறானதாகக் கருதப்பட்டதுண்டு. ஏழை உழைப்பாளரைக் காக்கும் சட்டங்களை அதே தொடரைக் கொண்டு இங்கும் தடுத்துவிடக் கூடும் என அவர் அஞ்சினார். ஒரு சட்டம் தேவையா என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் மக்களின் பிரதிநிதிகளே. அம்முடிவு ஒரு சில நீதிபதிகளின் விருப்பத்திற்கு விடப்படலாகாது என்பது அவர் நிலைப்பாடு.

அல்லாடியின் மற்றொரு நம்பிக்கையோடு இது இயைந்து நிற்பதாகும். எழுத்தறிவு குறைந்த நாட்டில் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமையா என்று பலர் ஐயுற்ற காலத்தில், சாமானிய மனிதனின் அறிவில் நம்பிக்கை வைத்து அவ்வுரிமையைப் போற்றியவர் அவர்.

அம்பேத்கரின் நிலை

1948 டிசம்பரில் இவ்விதி விவாதிக்கப்பட்டபோது, அம்பேத்கர் இருதரப்பிலும் உள்ள இடர்களை எடுத்துரைத்தார். கட்சிக்கட்டுப்பாட்டிற்கு உட்பட்ட சட்டமன்றம் உரிமைகளை மிதிக்காது என்று உறுதி கூற இயலாது. ஐந்தாறு நீதிபதிகள் தம் விருப்பு வெறுப்புகளுக்கு இடம்தராமல் நல்ல சட்டத்தையும் தீய சட்டத்தையும் பிரித்துவிடுவர் என்றும் நம்ப இயலாது. எனவே முடிவைச் சபையிடமே விட்டார். சபை வரைவுக்குழுவின் தொடரை ஏற்றது. அதுவே 21ஆம் உறுப்பு.

எனினும் உறுப்பினர் பலரின் மனக்குறை நீங்கவில்லை. அதனை உணர்ந்த அம்பேத்கர், 1949 செப்டம்பரில் புதிய விதியொன்றை முன்மொழிந்தார். கைது செய்யப்பட்டவருக்குக் காரணத்தைத் தெரிவித்தல், வழக்கறிஞரைக் கலந்து பேச இடமளித்தல், 24 மணி நேரத்திற்குள் நடுவர்முன் நிறுத்துதல் ஆகியவை அதன்வழிக் கட்டாயமாயின. அதே விதி விசாரணையற்ற தடுப்புக்காவலுக்கும் இடமளித்தது.

காலத்தின் சோதனை

அரசமைப்பு நடைமுறைக்கு வந்த சில மாதங்களிலேயே அல்லாடி ஆதரித்த தொடர் சோதனைக்கு உள்ளானது. பொதுவுடைமை இயக்கத் தலைவர் ஏ. கே. கோபாலன் சென்னை மாகாணச் சிறையில் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டார். அவர் தொடுத்த வழக்கில், நாடாளுமன்றம் வகுத்த நடைமுறை பின்பற்றப்பட்டிருந்தால் போதும் என 1950 மே மாதம் உச்சநீதிமன்றப் பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். நீதிபதி பசல் அலி அதற்கு உடன்படாமல் தனித்தீர்ப்பு எழுதினார். விசாரணையின்றிச் சிறையிலிருந்த மனிதருக்கு 21ஆம் உறுப்பு துணை நிற்கவில்லை. முன்ஷியின் அச்சம் பொருளற்றதன்று என்பது அன்று புலனாயிற்று.

1953 அக்டோபர் 3 அன்று அல்லாடி மறைந்தார். அதன்பின் கால் நூற்றாண்டு கழித்து, 1978இல் மேனகா காந்தி வழக்கில் உச்சநீதிமன்றம், சட்டம் வகுக்கும் நடைமுறை நேர்மையும் நியாயமும் உடையதாக இருத்தல் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 21ஆம் உறுப்பில் அல்லாடி ஆதரித்த சொற்கள் இன்றும் மாறவில்லை. ஆனால், அச்சொற்களுக்கு முன்ஷி விரும்பிய காவலை நீதிமன்றம் அளித்தது.

தொழிலாளரைக் காக்கும் சட்டம் தடைப்படலாகாது என்று அல்லாடி கவலை கொண்டார். சிறைப்பட்டவருக்குப் புகலிடம் வேண்டும் என்று முன்ஷி கவலை கொண்டார். இரண்டும் மக்களைப் பற்றிய கவலைகளே. அரசுக்கு அதிகாரம் வேண்டும். அதற்கு எல்லையும் வேண்டும். அந்த எல்லையை எங்கே வகுப்பது என்னும் விவாதம் 1948ஆம் ஆண்டோடு முடிந்துவிடவில்லை. வாக்குரிமை பெறும் ஒவ்வொரு தலைமுறையும் அதனைத் தொடர வேண்டியுள்ளது. மாற்றுக்கருத்துடையவரின் காரணத்தையும் செவிமடுத்துத் தம் கருத்தை நிறுவிய அச்சபையின் பண்பே அதற்கு நல்ல வழிகாட்டியாகும்.