பின்னால் நின்ற வீரர்: ஹசின்தோ கின்கோசெஸ்



சாயங்காலம் நம்ம கிரவுண்டில் நடக்கிற மேட்சைப் பார்த்திருப்பீர்கள். கோல் போட்டவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவோம். கோல்கீப்பர் பாய்ந்து பிடித்தால் விசில் பறக்கும். ஆனால் முட்டி தேய, மூச்சு வாங்க, எதிரியின் காலிலிருந்து பந்தைப் பிடுங்கி முன்னால் அனுப்பிக்கொண்டே இருப்பானே ஒருத்தன், அந்த 'பேக்', அவனை யாராவது தூக்கியிருக்கிறோமா? ஒரே ஒரு தடவை அவன் கோட்டை விட்டால் மட்டும் கிரவுண்டே சேர்ந்து திட்டும்!

அப்படிப் பின்னால் நின்றே ஒரு தேசத்தின் மனசில் இடம் பிடித்தவர் ஒருவர் இருந்தார். ஸ்பெயின் நாட்டுக்காரர். பெயர் ஹசின்தோ கின்கோசெஸ். அவர் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

இரும்பு ஊர்ப் பையன்

1905 ஜூலை 17. வடக்கு ஸ்பெயினில் பில்பாவோ நகருக்குப் பக்கத்தில், நெர்வியோன் ஆற்றங்கரையில் இருக்கும் பரகால்டோ என்ற ஊரில் பிறந்தார் கின்கோசெஸ். இரும்புத் தாது, ஊது உலை, புகைபோக்கி, ஷிஃப்ட் சங்கு... அதுதான் அந்த ஊர். பிளாஸ்ட் ஃபர்னஸை நாம் புத்தகத்தில் படம் வரைந்து பாகம் குறிக்கிறோம். அவர் அதன் நிழலிலேயே பந்து விளையாடி வளர்ந்தார்.

உள்ளூர் கிளப்பில் தொடங்கி, விட்டோரியா நகரத்தின் அலவேஸ் அணிக்குப் போனார். அங்கேதான் சிரியாகோ என்ற இன்னொரு பேக் அவருக்கு ஜோடியாக வாய்த்தார். சிரியாகோ, துப்பாக்கிப் பட்டறைகளுக்குப் பேர்போன ஐபார் ஊர்க்காரர். இரும்பு ஊரும் துப்பாக்கி ஊரும் சேர்ந்தால் கேட்கணுமா!

அந்தக் காலத்தில் ஒரு டீமில் பின்னால் நிற்பவர்கள் இரண்டே பேர். முன்னால் ஐந்து பேர் பாய்வார்கள். 1925-ல் ஆஃப்சைட் விதி வேறு மாறியது. அதுவரை தாக்கும் வீரனுக்கு முன்னால் எதிரணியினர் மூன்று பேராவது இருக்க வேண்டும். அது இரண்டு பேராகக் குறைந்தது. அதாவது, பேக் ஒருவர் கொஞ்சம் முன்னேறி நின்று சுலபமாக ஆளை மாட்டிவிடும் பழைய வித்தை செல்லாமல் போனது. பலபேர் தடுமாறினார்கள். கின்கோசெஸ் அந்த மாற்றத்துக்குள்ளேயே வளர்ந்தவர். எங்கே நிற்கணும், எப்போது பாயணும் என்கிற கணக்கு அவருக்குக் கைவந்தது.

தலையில் வெள்ளைக் கைக்குட்டை கட்டிக்கொண்டு ஆடுவார். அது ஸ்டைலுக்கு மட்டும் அல்ல. அந்தக் காலத் தோல் பந்தின் வாயை ஷூ மாதிரி லேஸ் போட்டுத்தான் கட்டியிருப்பார்கள். மழையில் ஊறிய பந்தைத் தலையால் முட்டினால் நெற்றி கிழியும். அதனால் பலர் தொப்பியோ துணியோ கட்டினார்கள். ஆனால் கின்கோசெஸின் கைக்குட்டைதான் அவருக்கு அடையாளமாகவே ஆகிப்போனது.

ஏழு கோலும் தோல்வி இல்லாத ஆண்டும்

1929 மே 15 அன்று மாட்ரிட்டில் இங்கிலாந்தை ஸ்பெயின் 4-3 என்று வென்றது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உள்ள ஒரு நாட்டிடம் இங்கிலாந்து தோற்றது அதுதான் முதல் முறை. அந்த ஸ்பெயின் டீமில் கின்கோசெஸ் இருந்தார். 1931-ல் சிரியாகோவையும் அவரையும் சேர்த்தே மாட்ரிட் கிளப் (இன்றைய ரியல் மாட்ரிட்) வாங்கியது. கோலில் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார் உலகப் புகழ் பெற்ற ரிக்கார்டோ ஸமோரா. ஸமோரா, சிரியாகோ, கின்கோசெஸ் என்று மூன்று பெயரையும் ஒரே மூச்சில் சொல்வது ரசிகர்களுக்கு வாய்ப்பாடு மாதிரி ஆனது.

ஆனால் நண்பர்களே, கதை நேராகப் போகவில்லை. 1931 டிசம்பர் 9. லண்டன் ஹைபரி மைதானம். பழைய தோல்விக்குப் பழி வாங்கக் காத்திருந்த இங்கிலாந்து அடித்தது ஏழு கோல். ஸ்பெயினுக்கு ஒன்று. பின்னால் நின்றது யார்? அதே மூவர்தான்! பின்னால் நிற்பவனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் உண்டா?

வேறு யாராவது என்றால் நொடிந்திருப்பார்கள். இவர்கள் ஊர் திரும்பி லீகில் ஆடினார்கள். அந்த 1931-32 லீக் முடிந்தபோது மாட்ரிட்டின் கணக்கு இது: ஆடியது 18, வெற்றி 10, டிரா 8, தோல்வி பூஜ்யம்! வாங்கிய கோல் மொத்தமே 15. கிளப்பின் முதல் லீக் பட்டம் அது. அடுத்த வருஷமும் பட்டம் அவர்களுக்கே. ஏழு கோல் வாங்கிய சீசனிலேயே தோல்வி இல்லாத சாம்பியன்! ஒரு பேப்பரில் அரியர் விழுந்ததற்கே சோர்ந்து உட்காரும் நாம் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஃபுளோரன்ஸில் இரண்டு நாள்

1934 உலகக் கோப்பை இத்தாலியில் நடந்தது. முதல் சுற்றில் பிரேசிலை 3-1 என்று ஸ்பெயின் வீட்டுக்கு அனுப்பியது. காலிறுதியில் இத்தாலி. மே 31, ஃபுளோரன்ஸ் நகரம். கூடுதல் நேரமும் சேர்த்து 120 நிமிடம் ஆடியும் 1-1. அப்போது பெனால்டி ஷூட்-அவுட் கிடையாது, மாற்று ஆட்டக்காரர் கிடையாது. மறுநாளே மறு ஆட்டம்!

முதல் நாள் ஆட்டம் அவ்வளவு முரட்டுத்தனமாக இருந்தது. மறுநாள் ஸ்பெயின் டீமில் ஏழு பேரை மாற்ற வேண்டியதாயிற்று. ஸமோராவும் இல்லை. சிரியாகோவும் இல்லை. இரண்டு நாளும் களத்தில் நின்றவர்கள் நான்கே பேர். பின்களத்தின் பழைய மூவரில் மிஞ்சியவர் கின்கோசெஸ் ஒருவர்தான். மியாசா போட்ட ஒரே கோலில் இத்தாலி ஜெயித்து, பிறகு கோப்பையையும் எடுத்தது. ஸ்பெயின் தோற்றது உண்மை. ஆனால் உலக சாம்பியனை அதன் சொந்த மண்ணில் 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை எதிர்த்து நின்றும், அவர்கள் வாங்கியது இரண்டே கோல்!

நின்றுபோன ஆட்டம்

1936 ஜூன் 21. வாலென்சியா நகரில் ஸ்பெயின் கோப்பை ஃபைனல். பார்சிலோனாவை மாட்ரிட் 2-1 என்று வென்றது. அது முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 17 அன்று ராணுவக் கலகம் வெடித்து, உள்நாட்டுப் போர் மூண்டது. அன்றுதான் கின்கோசெஸுக்கு 31 வயது நிறைந்த பிறந்த நாள். லீக் நின்றது. ஸ்பெயின் அணிக்காக 25 ஆட்டம் ஆடியிருந்தவரின் சர்வதேச வாழ்க்கை அத்தோடு முடிந்தது. 1939-ல் போர் ஓய்ந்த பிறகு, 34 வயதில் திரும்பி வந்து 1942 வரை ரியல் மாட்ரிட்டுக்கு ஆடினார். 1943-ல் ஸமோராவோடு சேர்ந்து ஒரு சினிமாவில்கூட நடித்தார்!

கோச் ஆனார்

ஆட்டத்தை விட்ட பிறகு பயிற்சியாளர் வேலை. 1945-ல் ஸ்பெயின் அணிக்கு இரண்டு ஆட்டம், இரண்டுமே போர்ச்சுகலோடு; ஒன்று டிரா, ஒன்று வெற்றி. 1946-ல் ரியல் மாட்ரிட்டுக்கு ஸ்பெயின் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். ஃபைனலில் தோற்ற டீம் வாலென்சியா. 1934-ல் வீரராகவும் இதே வாலென்சியாவைத்தான் ஃபைனலில் வென்றிருந்தார்.

தோற்றவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 1948-ல் அவரையே கோச்சாக அழைத்துக்கொண்டார்கள்! ஆறு வருஷம் அங்கே இருந்தார். 1949-ல் தன் பிறந்த மண்ணின் பெரிய டீமான அத்லெடிக் பில்பாவோவை 1-0 என்று வென்று கோப்பை. 1952 ஃபைனலில் பார்சிலோனாவிடம் கூடுதல் நேரத்தில் 4-2 தோல்வி. 1954-ல் மறுபடி அதே பார்சிலோனா. இந்த முறை 3-0! வாலென்சியாவுக்கு அவர் வாங்கித் தந்த இந்த இரண்டு கோப்பை ஃபைனலிலும் எதிரி போட்ட கோல் பூஜ்யம். பேக்காக இருந்தவர் கோச் ஆனால் முதலில் எதைப் பூட்டுவார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பிறகு அட்லெடிகோ மாட்ரிட் போன்ற டீம்களுக்கும், மறுபடி வாலென்சியாவுக்கும் பயிற்சி கொடுத்தார். வாலென்சியாதான் அவருக்குச் சொந்த ஊர் மாதிரி ஆயிற்று. 1997 மே மாதம், 91-வது வயதில் அங்கேயே காலமானார்.

நமக்கு?

நண்பர்களே! நாளைக்கு நாம் டிப்ளமோவோடு ஏதோ ஒரு ஷாப் ஃப்ளோரில், சப்-ஸ்டேஷனில், பாயிலர் பக்கத்தில் நிற்கப் போகிறோம். மெஷின் ஓடும்வரை மெயின்டெனன்ஸ் ஆளை யாருக்கும் ஞாபகம் இருக்காது. நின்றால்தான் கூப்பிடுவார்கள். அன்றைக்கு மனசு கொஞ்சம் வலிக்கும். அப்போது ஹைபரியில் ஏழு கோல் வாங்கிவிட்டு, அடுத்த ஆட்டத்துக்கு அதே கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு இறங்கிய அந்த மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கோர் போர்டில் அவர் பெயர் இல்லை. ஆனால் எதிரணியின் பக்கத்தில் இருக்கிற பூஜ்யம் இருக்கிறதே... அதுதான் அவர் போட்ட கையெழுத்து!