மூன்று நாட்டு அணிகளுக்கு ஒரே கேப்டன்: யார் இந்த மகாதேவன் சதாசிவம்?

கன்னியாகுமரியில் இருந்து நேர்கோட்டில் அளந்தால் கொழும்பு சுமார் 280 கி.மீ. தொலைவில் இருக்கிறது. சென்னை அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். நாஞ்சில் நாட்டுப் பெரியவர்கள் பலர் சினிமாப் பாட்டுக் கேட்டு வளர்ந்ததே சிலோன் ரேடியோவில்தான். ஆனாலும் அந்தக் கொழும்பில் பிறந்து, மூன்று வெவ்வேறு நாட்டு அணிகளுக்குத் தலைமை தாங்கிய ஒரு தமிழரின் பெயர் இங்கே பலருக்குத் தெரியாது.

அவர் மகாதேவன் சதாசிவம். இலங்கையில் சுருக்கமாக 'சதா'. சிலோன், சிங்கப்பூர், மலேயா என்ற மூன்று அணிகளுக்கும் கிரிக்கெட் கேப்டனாக இருந்தவர். கேப்டன் என்பதோடு, கொலைக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறையில் இருந்து விடுதலையானவர் என்றும் அவரை வரலாறு நினைவில் வைத்திருக்கிறது.

யார் இவர்?

சதாசிவம் பிறந்தது 1915-ல். படித்தது கொழும்பு வெஸ்லி கல்லூரியில். பள்ளி நாட்களிலேயே பேட்டிங்கில் பேர் வாங்கியவர், பிறகு தமிழ் யூனியன் கிளப்புக்கு ஆடத் தொடங்கினார்.

வேகமாக அடிப்பதைவிட நளினமாக ஆடுவதுதான் அவர் பாணி. பந்து தன்னைக் கடக்கும் கடைசி நொடி வரை காத்திருந்து தட்டிவிடும் லேட் கட் அவருடைய அடையாளம். இரவு முழுக்க விருந்தில் இருந்துவிட்டுக் காலையில் நேராக மைதானத்துக்கு வந்து ரன் குவிப்பார் என்று கொழும்பில் இன்றைக்கும் கதை சொல்வார்கள். கதை எவ்வளவு, நிஜம் எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். ஆனால் ஃபிராங்க் வொரல் போன்ற மேற்கிந்தியத் தீவு ஜாம்பவான்களே அவர் ஆட்டத்தைப் பார்த்து வியந்தார்கள் என்பது இலங்கை கிரிக்கெட் உலகம் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயம்.

'தமிழ் யூனியன்' என்றால் சாதிச் சங்கம் மாதிரியா?

இதைப் புரிந்துகொள்ள அன்றைய காலனியக் கிரிக்கெட்டைப் பார்க்கணும். பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தியாவிலும் இலங்கையிலும் கிளப்புகள் சமூகம் சார்ந்தே உருவாயின. பம்பாயில் இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள், ஐரோப்பியர்கள், மற்றவர்கள் என்று ஐந்து அணிகள் மோதிய போட்டி 1946 வரை நடந்தது.

கொழும்பிலும் அப்படித்தான். சிங்களவர்களுக்கு சிங்களீஸ் ஸ்போர்ட்ஸ் கிளப், தமிழர்களுக்குத் தமிழ் யூனியன், பறங்கியருக்கு பர்கர் ரிக்ரியேஷன் கிளப், முஸ்லிம்களுக்கு மூர்ஸ். காலப்போக்கில் இந்தச் சுவர்கள் தளர்ந்தன. பெயர்கள் மட்டும் அப்படியே நிற்கின்றன.

வாரக் கடைசியில் கிளப்புக்காகச் சமூக வாரியாக மோதிக்கொண்டவர்கள், வெளிநாட்டு அணி வந்தால் 'சிலோன்' என்ற ஒரே தொப்பியைப் போட்டுக்கொண்டு சேர்ந்து ஆடினார்கள். உள்ளூரில் தமிழன், வெளியே சிலோன்காரன். இரண்டும் ஒன்றோடொன்று முட்டவில்லை. குறைந்தபட்சம், அப்போது முட்டவில்லை.

சேப்பாக்கத்தில் என்ன நடந்தது?

1947 பிப்ரவரியில் சிலோன் அணி சென்னைக்கு வந்தது. தென்னிந்திய அணிக்கு எதிராக சேப்பாக்கத்தில் நடந்த ஆட்டத்தில் சதாசிவம் 215 ரன் அடித்தார். அவர் வாழ்க்கையின் ஆகச் சிறந்த ஆட்டமாகப் பேசப்படுவது இதுதான்.

இந்த ஆட்டத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஆடியவர் தமிழர், ஆடிய மண் தமிழ் மண், பார்த்த கூட்டமும் பெரும்பாலும் தமிழ்க் கூட்டம். ஆனால் அவர் எதிரணி! சென்னை ரசிகர் யாருக்குக் கைதட்டணும்? சொந்த ஊர் பவுலருக்கா, சொந்த மொழி பேசும் விருந்தாளிக்கா?

பிராட்மேனை எதிர்கொண்ட கேப்டன்

1948 பிப்ரவரி 4-ல் சிலோன் சுதந்திரம் பெற்றது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இங்கிலாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த டான் பிராட்மேனின் ஆஸ்திரேலிய அணி, மார்ச் 27 அன்று கொழும்பில் இறங்கி ஒருநாள் ஆட்டம் ஆடியது. அந்த ஆங்கிலப் பயணத்தில் ஒரு ஆட்டத்திலும் தோற்காமல் வரலாறு படைக்கப் போகிற அணி அது.

அன்று புத்தம்புது நாட்டின் அணிக்குத் தலைமை தாங்கி டாஸ் போட வந்தவர் சதாசிவம். இடம், தமிழ் யூனியனின் கொழும்பு ஓவல் மைதானம். ஆடுகளம் 22 கெஜத்துக்குப் பதிலாக 20 கெஜம்தான் இருந்தது என்ற கூத்து ஒருபக்கம். மழையால் ஆட்டம் முடிவில்லாமல் போனது இன்னொரு பக்கம். ஆனாலும் சுதந்திர நாட்டின் முதல் பெரிய கிரிக்கெட் நாளில் கேப்டன் ஒரு தமிழர் என்பது சின்ன விஷயம் இல்லை.

அதே ஆண்டு அங்கே குடியுரிமைச் சட்டம் வந்தது. தேயிலைத் தோட்டங்களில் பாடுபட்ட இந்திய வம்சாவளித் தமிழர்கள் லட்சக்கணக்கில் நாடற்றவர்கள் ஆனார்கள். மைதானத்தில் ஒரு தமிழர் நாட்டுக்கே கேப்டன்; மலையகத்தில் தமிழர்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள். இரண்டும் நடந்தது ஒரே ஆண்டில்.

கொலை வழக்கு

1951 அக்டோபர் 9. கொழும்பு பம்பலப்பிட்டியில் உள்ள வீட்டில் சதாசிவத்தின் மனைவி கொலை செய்யப்பட்டுக் கிடந்தார். அவர்களுக்கு நான்கு பெண் குழந்தைகள். சதாசிவம் கைது செய்யப்பட்டார். வீட்டு வேலைக்காரர் மன்னிப்புப் பெற்று அரசுத் தரப்புச் சாட்சி ஆனார்.

வழக்கின் மையக் கேள்வி ஒன்றுதான்: மரணம் நடந்த நேரம் எது? சதாசிவம் வீட்டில் இருந்தபோதா, அவர் வெளியே போன பிறகா? இடதுசாரித் தலைவரும் பிரபல வழக்கறிஞருமான கொல்வின் ஆர். டி சில்வா அவருக்காக வாதாடினார். எடின்பரோவில் இருந்து உலகப் புகழ் பெற்ற தடய மருத்துவ நிபுணர் சிட்னி ஸ்மித் வந்து சாட்சி சொன்னார். நாடே பத்திரிகையைப் பிரித்து முதலில் தேடியது இந்தச் செய்தியைத்தான்.

1953 ஜூன் 25-ல் ஜூரிகள் சதாசிவத்தைக் குற்றமற்றவர் என்று அறிவித்தார்கள். சுமார் 20 மாதச் சிறைவாசம் முடிவுக்கு வந்தது. ஆனால் கொல்லப்பட்ட பெண்ணுக்கு? அந்தக் கொலைக்காக யாருமே தண்டிக்கப்படவில்லை. சதாசிவத்தின் ரன்களைப் பற்றி எழுதும்போது இதையும் சேர்த்தே எழுதணும்.

சிங்கப்பூர், மலேயா: எப்படி சாத்தியம்?

விடுதலையானபோது அவருக்கு வயது 37. சொந்த ஊரில் எங்கே போனாலும் வழக்கின் பேச்சு. கடல் கடந்து சிங்கப்பூருக்கும், பிறகு மலேயாவுக்கும் போனார். இரண்டு இடத்திலும் கிரிக்கெட் ஆடினார். இரண்டு அணிக்கும் கேப்டனும் ஆனார்.

இன்றைக்கு ஒருவர் இப்படி மூன்று நாட்டுக்குத் தலைமை தாங்க நினைத்தால் விதிகள் லேசில் விடாது. அன்று அப்படி இல்லை. சிலோன் சர்வதேசக் கிரிக்கெட் அமைப்பில் இணை உறுப்பினர் ஆனதே 1965-ல்தான். மலேசியா 1967-லும், சிங்கப்பூர் 1974-லும் சேர்ந்தன. எந்த ஊரில் வாழ்கிறோமோ அந்த ஊருக்கு ஆடுவது அன்றைய வழக்கம். மூன்றுமே பிரிட்டிஷ் கொடியின் கீழ் இருந்த பகுதிகள் என்பதால், தேச எல்லைகளும் இன்றைய அளவுக்கு இறுகியிருக்கவில்லை.

இப்போதைய விதி என்ன?

ஒரு நாட்டுக்கு ஆட, அங்கே பிறந்திருக்கணும், அல்லது குடியுரிமை இருக்கணும், அல்லது 3 ஆண்டுகள் வசித்திருக்கணும். ஒரு முழு உறுப்பு நாட்டுக்கு ஆடியவர் இன்னொரு நாட்டுக்கு மாறணும்னா, கடைசியாக ஆடிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

இந்த அணி மாற்றம் அதிகம் நடப்பது பிரிட்டனைச் சுற்றித்தான். கால்பந்தில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து என்று நான்கு தனி அணிகள். ஒலிம்பிக்கில் ஒரே பிரிட்டன். கிரிக்கெட்டில் இங்கிலாந்தும் வேல்ஸும் சேர்ந்து ஒரே வாரியம். 1973 ஜனவரியில் சென்னையில் டெஸ்ட் ஆடிய இங்கிலாந்து அணியின் கேப்டன் டோனி லூயிஸ் ஒரு வேல்ஸ்காரர். 2019-ல் இங்கிலாந்துக்கு உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்த இயான் மோர்கன் அயர்லாந்தில் பிறந்து, அந்த நாட்டுக்கே முதலில் ஆடியவர். இந்தியாவிலும் உதாரணம் உண்டு. இஃப்திகார் அலி கான் பட்டோடி 1932-ல் இங்கிலாந்துக்காக அறிமுக டெஸ்டிலேயே சதம் அடித்தார். 1946-ல் இந்திய அணிக்குக் கேப்டன் ஆனார்.

ஆட்டக்காரர் மாறினால் திறமை என்கிறோம். ரசிகர் மாறினால் மட்டும் சந்தேகம் வந்துவிடுகிறது. 1990-ல் பிரிட்டிஷ் அரசியல்வாதி நார்மன் டெபிட், அங்கே குடியேறிய ஆசியர்கள் எந்த அணிக்குக் கைதட்டுகிறார்கள் என்பதை வைத்து அவர்களின் விசுவாசத்தை அளக்கலாம் என்ற பொருளில் பேசி, பெரும் சர்ச்சையில் சிக்கினார்.

நாஞ்சில் நாட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

குமரி மாவட்டத்துக்கு இந்தக் கேள்வி புதுசு இல்லை. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் 1956 அக்டோபர் 31 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தன. மறுநாள் நவம்பர் 1-ல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. ரஞ்சிக் கோப்பையில் அப்போது திருவிதாங்கூர்-கொச்சிக்குத் தனி அணி இருந்தது. அதாவது நாகர்கோவில் பையன் ஒருவனுக்கு ஒரே ராத்திரியில் சொந்த மாநில அணி மாறியது. அவன் வீடும் மாறவில்லை, பேச்சும் மாறவில்லை.

அதே 1956-ல்தான் இலங்கையில் சிங்களம் மட்டுமே ஆட்சி மொழி என்ற சட்டம் வந்தது. இங்கே மொழியின் பெயரால் ஒரு எல்லை சரிசெய்யப்பட்டது. அங்கே மொழியின் பெயரால் ஒரு நாடு பிளக்கத் தொடங்கியது.

அந்தப் பிளவு கடைசியில் சேப்பாக்கம் வரை வந்தது. 2013 ஐபிஎல்லில் இலங்கை வீரர்கள் சென்னையில் ஆட முடியாத நிலை உருவானது. அவர்களில் முத்தையா முரளிதரனும் ஒருவர். அவரும் தமிழர், அவரும் தமிழ் யூனியன் கிளப்பில் ஆடியவர், அவரும் இலங்கைத் தொப்பி போட்டவர். 1947-ல் சதாசிவம் 215 அடித்த அதே ஊரில், இன்னொரு தமிழ் யூனியன் வீரருக்கு மைதானக் கதவு சாத்தப்பட்டது. இனப்போரின் ரணம் ஆறாத ஆண்டுகள் அவை. கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் ஒரு ஆட்டக்காரரின் தொப்பியை வைத்து அவர் மனசை முழுசாகப் படித்துவிட முடியுமா என்பது வேறு கேள்வி.

கடைசி நாட்கள்

சதாசிவம் 1977 ஜூலை 9-ல் காலமானார். இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைத்தது 1981-ல். 1982 பிப்ரவரியில் இங்கிலாந்துக்கு எதிரான முதல் டெஸ்ட் நடந்ததும் அவருடைய சொந்த மைதானமான அதே ஓவலில்தான். இன்று அதற்கு பி. சரவணமுத்து ஸ்டேடியம் என்று பெயர். இலங்கை கிரிக்கெட் வாரியத்தின் முதல் தலைவராக இருந்த தமிழரின் பெயர் அது.

டெஸ்ட் ஆடாததால் பெரிய பதிவேடுகளில் சதாசிவத்துக்கு இடம் இல்லை. எந்த நாட்டுக்காரர் என்று கேட்டால் அவர் என்ன பதில் சொல்லியிருப்பார்? பிறந்தது ஒரு நாடு, பேசியது ஒரு மொழி, தலைமை தாங்கியது மூன்று அணிகள். களத்தில் இறங்கிய ஒவ்வொரு முறையும், அன்றைக்கு எந்தத் தொப்பி தலையில் இருந்ததோ அந்த அணிக்காக அவர் ரன் எடுத்தார்.