மாணவரிடம் உடலை ஒப்படைத்த ஆசான்

கல்லீரல் சுரக்கும் பித்தநீரைச் சேமித்து, கொழுப்புணவு செரிப்பதற்கு வேண்டும்போது வழங்குவது பித்தப்பை. அஃது இன்றியும் மனிதன் வாழ இயலும். இவ்வுண்மையை 1882ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15ஆம் நாள் பெர்லினில் கார்ல் லாங்கன்பூக் மெய்ப்பித்தார். பித்தக்கற்களால் நெடுங்காலம் துன்புற்ற ஒருவரின் பித்தப்பையை முழுமையாக அகற்றி, அவரைப் பிழைக்கச் செய்தார்.

அதே ஆண்டில் அமெரிக்காவின் ஆல்பனி நகரில், அடுக்களை மேசைமீது ஒரு தாய் கிடத்தப்பட்டிருந்தார். மஞ்சள் காமாலையும் கடும் வலியும் அவரை வாட்டின. நள்ளிரவு கடந்து இரண்டு மணி அளவில் அவருடைய பித்தப்பையைத் திறந்து, சீழையும் கற்களையும் வெளியேற்றியவர் அவர் பெற்ற மகனே. தாய் உயிர் பிழைத்தார். அம்மகன்தான் வில்லியம் ஸ்டூவர்ட் ஹால்ஸ்டெட்.

1852இல் நியூயார்க்கில் பிறந்த ஹால்ஸ்டெட், துணிவு மிக்க இளம் அறுவை மருத்துவராகப் புகழ் பெற்றார். ஆயினும் அத்துணிவே அவரை வீழ்த்தவும் செய்தது. கொக்கெயின் மருந்தால் உடலின் ஒரு பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்யும் முறையை 1884 முதல் தம் உடலிலேயே ஆய்ந்தார், அதற்கு அடிமையானார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றார். பின்னர் மார்பின் பழக்கமும் அவரைப் பற்றிக்கொண்டது.

வீழ்ந்தவர் எழுந்தார். பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அவர் வேறொரு மனிதராக விளங்கினார். விரைவினும் நிதானமே பெரிதெனக் கொண்டார், குருதியிழப்பைக் குறைத்தார், தசைகளை மென்மையாகக் கையாண்டார். கிருமிநாசினியால் கைகள் புண்ணான செவிலி கரோலின் ஹாம்ப்டனுக்காக மெல்லிய ரப்பர் கையுறைகளைச் செய்வித்தார். 1890இல் அவரையே மணந்தார். அக்கையுறை இன்று அறுவை அரங்குகள் அனைத்திலும் நின்று நிலவுகிறது.

அவர்தம் தலையாய கொடை மாணவர்களே எனலாம். இளம் மருத்துவரை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, ஆண்டுக்கணக்கில் பயிற்றி, படிப்படியாகப் பொறுப்பைக் கையளிக்கும் முறையை அவர் வகுத்தார்.

தாயை வருத்திய நோய் மகனையும் விடவில்லை. 1919இல் ஹால்ஸ்டெட்டின் பித்தப்பை அகற்றப்பட்டது. 1922இல் பித்தநாளத்தில் மீண்டும் கல் தோன்றியது. இம்முறை கத்தியை ஏந்தியோர் அவரிடம் பயின்ற மாணவர்கள். தாம் கற்பித்த கைகளிடமே தம் உடலை ஒப்படைத்தார் ஆசான். கல் அகற்றப்பட்டது, எனினும் நிமோனியா கண்டு, செப்டம்பர் 7ஆம் நாள் உயிர் நீத்தார்.

மாணவரின் திறம் அவரைக் காக்கவில்லை. ஆயின் அவர் பரப்பிய கல்வி எண்ணற்றோரைக் காத்து வருகிறது. தம் உயிரையே நம்பி ஒப்படைக்கத்தக்க மாணவரை உருவாக்குவதினும் ஆசிரியர்க்கு உயர்ந்த பேறு வேறு யாது?