கடல் தாண்டிய மல்கோவா

மல்கோவா என்றதும் தமிழர்களுக்குச் சேலம்தான் நினைவுக்கு வரும். அந்தப் பெயர் அமெரிக்கா வரை போய்ச் சேர்ந்தது புனேயிலிருந்து. அதற்குக் காரணமாக இருந்தவர் ஜார்ஜ் மார்ஷல் உட்ரோ.

1846ஆம் ஆண்டு பிறந்த உட்ரோ, லண்டனை அடுத்த கியூ தாவரவியல் பூங்காவில் தோட்டக்கலை பயின்றவர். 1870களில் இந்தியாவுக்கு வந்தார். புனேயில் கவர்னர் மாளிகைக்கு அருகே, கணேஷ்கிண்டில், 1873இல் அரசுத் தாவரவியல் தோட்டம் அமைந்தது. அந்த மாளிகைதான் பின்னாளில் பல்கலைக்கழகக் கட்டடம் ஆயிற்று. தோட்டத்தைக் கவனிக்கும் பொறுப்பு உட்ரோவுக்குக் கிடைத்தது. பின்னாளில் பொறியியல் கல்லூரியான அன்றைய சயன்ஸ் காலேஜில் மாணவர்களுக்குத் தாவரவியலும் கற்பித்தார். இந்தியாவில் தோட்டம் போடுவது பற்றி அவர் எழுதிய நூல் பல பதிப்புகள் கண்டது.

மாமரத்தின் மீது அவருக்குத் தனிப் பற்று. நம் நாட்டு உயர்ந்த ரக மாங்கொட்டையை ஊன்றினால், வரும் மரம் தாய் மரத்தின் பழத்தையே தரும் என்று சொல்ல முடியாது. அதே ரகம் வேண்டுமானால் ஒட்டுக் கட்ட வேண்டும். கொட்டையைக் கப்பலில் அனுப்புவதிலும் தொல்லை உண்டு. காய்ந்துவிட்டால் முளைப்புத் திறன் போய்விடும். எனவே தூர தேசங்களுக்கு ஒட்டுக் கன்றுகளையே அனுப்ப வேண்டியிருந்தது.

1889இல் அமெரிக்க விவசாய இலாகா இந்திய மாங்கன்றுகளைத் தருவித்தது. உட்ரோவின் உதவியால் புனேயிலிருந்து ஒட்டுக் கன்றுகள் கப்பலேறின. அவற்றில் மல்கோவாவும் இருந்தது. அங்கே அதை முல்கோபா என்று எழுதினார்கள். புளோரிடா மாநிலத்தில் எல்பிரிட்ஜ் கேல் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர் சில கன்றுகளை வாங்கி நட்டார். 1894-95 குளிர்காலத்தில் அங்கு கடும் உறைபனி கொட்டியது. ஆரஞ்சுத் தோட்டங்களே கருகிப் போயின. கேல் நட்ட மல்கோவாக்களில் ஒன்றே ஒன்று பிழைத்தது. 1898இல் அது பழுத்தது. நாரில்லாத அந்தப் பழத்தின் சுவையில் மக்கள் சொக்கிப் போனார்கள்.

ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி கேப்டன் ஜான் ஹேடன், அந்த மல்கோவாவின் வித்தில் முளைத்த நாலு டஜன் கன்றுகளை 1902இல் மயாமியை அடுத்த தம் தோட்டத்தில் வைத்தார். அவை காய்ப்பதைக் காண அவர் இருக்கவில்லை. அவருடைய மனைவி புளோரன்ஸ் கன்றுகளைக் கைவிடாமல் வளர்த்தார். 1910இல் ஒரு மரத்தில் மட்டும் சிவப்பும் மஞ்சளுமாகப் புதுவகைப் பழம் காய்த்தது. அதற்கு ஹேடன் என்றே பெயர் வைத்தார்கள். தாய் மல்கோவா, தந்தை, டர்பென்டைன் எனப்பட்ட நார் மாமரம் என்று பிற்காலத்து மரபணு ஆராய்ச்சி காட்டியது. ஹேடனின் வித்திலிருந்து வந்ததுதான் டாமி அட்கின்ஸ். இன்று அமெரிக்க, ஐரோப்பியக் கடைகளில் அதிகம் விற்கும் மாம்பழங்களில் அதுவும் ஒன்று.

ஒட்டுக் கட்டியதால் மல்கோவா மாறாமல் கடல் கடந்தது. வித்தை ஊன்றியதால் அதிலிருந்து ஒரு புது ரகம் பிறந்தது. மரம் வளர்ப்போர்க்கு இரண்டும் தேவை. ஒட்டு மரம் மூன்று நான்கு ஆண்டுகளில் பலன் தரும். வித்து மரத்துக்கு ஆறேழு ஆண்டுகளோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டும். எப்படிப்பட்ட பழம் வரும் என்பதும் காய்த்த பிறகே தெரியும்.

உட்ரோ 1904இல் மாமரத்தைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். ஹேடன் மரம் முதன்முதலாகக் காய்த்ததற்கு அடுத்த ஆண்டு, 1911இல், காலமானார். கணேஷ்கிண்ட் தோட்டத்தை 2020இல் மகாராஷ்டிர அரசு பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. கடல் கடந்து விற்கும் அந்தச் சிவப்பு மாம்பழங்களில் ஒட்டிய சீட்டில் புனேயின் பெயரோ உட்ரோவின் பெயரோ இராது. ஆனாலும் அவற்றின் பூர்வீகத்தில் இந்த ஊருக்குப் பங்கு உண்டு.