ஆர். முத்தையா

ஆர். முத்தையா (பிறப்பு: பெப்ரவரி 24, 1886) தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கிய முன்னோடி ஆவார். இவர் வகுத்த வழிமுறை, பிற்காலத்தில் கணினியில் தமிழை உள்ளிடும் இடைமுகத்துக்கும் முன்மாதிரியாக அமைந்தது.

வாழ்க்கைச் சுருக்கம்

இவர் இலங்கையின் யாழ்ப்பாணத்தில் உள்ள சுண்டிக்குளியில் பிறந்தார். இளமையில் மலாயாவுக்குச் சென்று, பின்னர் சிங்கப்பூரில் வணிக நிறுவனம் ஒன்றில் எழுத்தராகப் பணியாற்றினார். ஆங்கிலத் தட்டச்சில் இருந்த வசதி தமிழுக்கு இல்லாததை உணர்ந்து, ஓய்வு நேரத்தில் இம்முயற்சியில் ஈடுபட்டார்.

தட்டச்சுப் பொறி

தமிழில் எழுத்துக்கள் 247. தட்டச்சுப் பொறியிலோ ஏறத்தாழ 46 விசைகளே இருந்தன. ஒரு விசைக்கு இரண்டு வடிவங்கள் மட்டுமே அமையும். எனவே, எழுத்துக்களைப் பகுதிகளாகப் பிரித்து, சேர்த்து அச்சிடும் முறை தேவைப்பட்டது. கொம்பும் காலும் தனி விசைகளாயின. புள்ளி முதலிய மேற்குறிகளுக்கு 'நகரா விசை' பயன்பட்டது. அதை அழுத்தினால் தாளைத் தாங்கும் வண்டி நகராது. அடுத்து அடிக்கும் எழுத்து அக்குறியின் கீழேயே பதியும். ஆகவே, 'க்' என அடிக்கப் புள்ளியை முதலிலும் ககரத்தைப் பின்னரும் அழுத்த வேண்டும். இவரது பொறிகள் செருமனியின் சைடல் நௌமான் நிறுவனத்தால் தயாரிக்கப்பட்டன.

கணினியில் தாக்கம்

பழகிய பொருளின் வடிவில் புதிய கருவியைக் காட்டுவதை இடைமுக வடிவமைப்பில் உருவகம் என்பர். கணினித் திரையில் உள்ள கோப்புறையும் குப்பைத் தொட்டியும் இதற்கு எடுத்துக்காட்டுகள். தமிழ்க் கணிமையில் அத்தகைய உருவகமாகத் தட்டச்சுப் பொறி விளங்கியது. தட்டச்சு கற்றோர் மீண்டும் பயிலாமலே கணினியில் எழுத இது உதவியது.

எனினும், பொறியின் கட்டுப்பாடும் உடன் வந்தது. தட்டச்சு முறையில் 'கொ' என்பதை ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடிக்க வேண்டும். ஒருங்குறியில் மெய்யை அடுத்தே உயிர்க்குறி சேமிக்கப்படுவதால், மென்பொருள் அவ்வரிசையை மாற்றியமைக்க வேண்டியுள்ளது. 1999 ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு அறிவித்த தமிழ்நெட்99 விசைப்பலகை, உயிர்களை இடக்கைப் பக்கமும் மெய்களைப் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் வைத்து, ஒலி வரிசையில் உள்ளிட வழிசெய்தது. ஆயினும், தட்டச்சுப் பழக்கம் உடையோர் பொருட்டுப் பழைய அமைப்பும் மென்பொருள்களில் தொடர்ந்து இடம்பெற்று வருகிறது. வண்டியும் நகரா விசையும் இல்லாத கணினியிலும், அவை வகுத்த வரிசை இவ்வாறு நிலைத்துள்ளது.